கூடு விட்டு வான் பாய்ந்த பிள்ளை

போன மாதம் ஒரு நாள், விடியற்காலை மூன்றரை மணிக்கு எங்கள் வீட்டில் அலாரம் அடித்தது. மார்கழி மாதமும் இல்லை, பிடிக்க வேண்டிய ரயிலும் இல்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளையாயிற்றே, படிக்க எழுந்திருக்கிறான் போலிருக்கு என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பாலைக் காய்ச்சி, ஒரு டம்ளரில் ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவனோ விளக்குக்கூடப் போடாமல் இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, விளக்கைப் போட்டுக்கிட்டுப் படிக்கக் கூடாதா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"படிக்கலைம்மா. இனிமேதான் கிளம்பணும். நீ போய்ப் படு."

"எங்கேடா கிளம்பறே, இந்நேரத்துக்கு?"

"வியாழன் கிரகத்துக்கு."

டம்ளர் கையை விட்டு நழுவாததுதான் பாக்கி!

மறுநாள் சாவகாசமாக உட்கார வைத்துக் கேட்டேன். செல்போனில் எதையோ படித்துவிட்டு, மூன்று வாரமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பத்து மணிக்குப் படுத்து, ஐந்து மணி நேரம் தூங்கி, அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டியது. கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டு, 'இனி நான் காண்பது கனவு என்று எனக்குத் தெரியும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி படுக்க வேண்டியது. கனவுக்குள்ளே 'அட, இது கனவாச்சே!' என்று பிரக்ஞை வந்துவிட்டால், நினைத்த இடத்துக்குப் பறக்கலாமாம். அதிலும் தேர்ச்சி அடைந்தவர்கள் உடம்பைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, சூட்சும சரீரத்தோடு நட்சத்திர மண்டலம் வரை போய் வருவார்களாம். விக்கிரமாதித்தன் கதையில் கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை நமக்கெல்லாம் தெரியும். இவன் கூடு விட்டு வானத்துக்கே பாயப் புறப்பட்டிருக்கிறான்!

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருவளையம். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட் வந்தால் தூங்கி வழிகிறான் என்று ஆசிரியை போன் செய்துவிட்டார். ஒரு நாள் சைக்கிளில் கண்ணயர்ந்து, தெருமுனைச் சாக்கடைச் சுவரில் மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அதற்கு நாலு நாள் கழித்துத்தான் அந்தச் சம்பவம்.

அமுக்குவான் வந்த இரவு

விடியற்காலையில் அவன் அறையிலிருந்து ஒரு முனகல். ஓடிப் போய்ப் பார்த்தால், மல்லாந்து படுத்திருக்கிறான். கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. தொட்டு உலுக்கியதும் திடுக்கென்று எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். மார்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்ததாம். கத்தினால் சத்தம் வரவில்லையாம். கதவோரம் கறுப்பாக ஓர் உருவம் நின்றதாம்.

"அமுக்குவான்தான், சந்தேகமே இல்லை. வேண்டாத வேலையெல்லாம் பண்ணினா வராம என்ன பண்ணும்?" என்று என் மாமியார் திருநீற்றை எடுத்து வந்துவிட்டார். இவரோ, "ராத்திரி பரோட்டா தின்னா இப்படித்தான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் மட்டும் பேசாமல் நின்றேன். ஏனென்றால் சகோதரிகளே, இந்த அமுக்குவானை எனக்கும் தெரியும்.

இதே பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை அப்போது. இரண்டு மணிக்கு ஒரு தரம் அழுவான். நான் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கே கணக்கில்லை. ஒரு நாள் அதிகாலையில் பால் கொடுத்துவிட்டு அப்படியே சாய்ந்தேன். உடம்பு கல்லாய்க் கிடக்கிறது. ஆனால் நான் மேலே இருக்கிறேன், மின்விசிறிக்குப் பக்கத்தில். கீழே கட்டிலில் நான் படுத்திருக்கிறேன். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. 'செத்துப் போயிட்டோம், பிள்ளைக்கு இனி யாரு பால் கொடுப்பாங்க?' என்று நினைத்தது இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நிமிஷம் குழந்தை சிணுங்கியது. நான் கட்டிலில் இருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் மனசு சரியில்லை என்று குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள் என்று பயம். பதினேழு வருஷமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். அன்று பிள்ளை நடுங்கியதைப் பார்த்ததும்தான் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வெறியே வந்தது. எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் கேட்டேன். மகளை விட்டு நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துவரச் சொன்னேன்.

உடம்புக்குப் பூட்டு, கண்ணுக்கு விடுதலை

நம் தூக்கம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், மூடிய இமைக்குள்ளே கண்மணி வேகமாக அங்குமிங்கும் ஓடும் ஒரு கட்டம் வருகிறது. 1953-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். விடியற்காலையில் இந்தக் கட்டம் நீளமாக வருவதால்தான் விடியற்காலைக் கனவு நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பிள்ளை மூன்றரைக்கு அலாரம் வைத்த சூட்சுமமும் இதுதான்.

கனவில் நாம் ஓடுகிறோம், அடிக்கிறோம், குதிக்கிறோம். நிஜமாகவே கை கால் ஆடினால் பக்கத்தில் படுத்திருப்பவர் கதி என்ன? அதனால் அந்த நேரத்தில் மூளை தசைகளைப் பூட்டிவிடுகிறது. மூச்சும் கண்ணும் மட்டும் பூட்டுக்குத் தப்பியவை. சில சமயம் மனசு விழித்துக்கொள்ளும், பூட்டு இன்னும் திறந்திருக்காது. அதுதான் அமுக்குவான்! நெஞ்சில் பாரம், அறையில் யாரோ இருப்பதுபோல் ஓர் உணர்வு, மிதப்பது எல்லாம் அந்த அரைகுறை விழிப்பில் கனவு கலப்பதால் வருபவை. சில விநாடிகளிலோ, சில நிமிஷங்களிலோ தானே விலகிவிடும். நூற்றில் ஏழெட்டுப் பேர் ஒரு தடவையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் இன்னும் ஜாஸ்தி, நூற்றுக்கு 28 பேர். தூக்கம் துண்டு துண்டானால் இது வரும். பரீட்சைப் பிள்ளைக்கும் பச்சைக் குழந்தைக்காரிக்கும் வருவதில் என்ன அதிசயம்?

மேலே மிதந்து தன்னையே பார்த்ததற்கும் விளக்கம் கிடைத்தது. 2002-ல் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில், ஒலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தது. மூளையின் வலப்பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்னால் உள்ள ஓர் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்தபோது, தான் மேலே மிதந்து கட்டிலில் கிடக்கும் தன்னையே பார்ப்பதாக அந்தப் பெண் சொன்னாராம். கால்களும் இடுப்பும்தான் தெரிந்தனவாம். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. அது குழம்பினால் நாம் இடம் மாறிப் போனதாகத் தோன்றுகிறது.

படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினேழு வருஷ பாரம் இறங்கினால் வேறென்ன செய்யும்?

கனவு நிஜம்தான்

பிள்ளை சொன்ன இன்னொரு சமாசாரமும், அதாவது கனவு என்று தெரிந்தே கனவு காண்பதும், கட்டுக்கதை இல்லை. ஃபிரடெரிக் வான் ஈடன் என்ற டச்சு எழுத்தாளர் 1913-லேயே இதைப் பற்றி எழுதி ஒரு பெயரும் வைத்தார். 'தூக்கத்தில் கண்டதை எப்படி நிரூபிப்பது?' என்று கேட்டவர்களுக்கு 1975-ல் பதில் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், இந்தப் பழக்கம் உள்ள ஒருவரைத் தூங்க வைத்தார். 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஓட்டு' என்று முன்பே பேச்சு. கண்தான் பூட்டுக்குத் தப்பியதாயிற்றே! ஆழ்ந்த கனவுக்குள்ளிருந்து அந்தச் சமிக்ஞை வந்துவிட்டது. 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் மீதி என்ன என்று கேட்க, கண்ணை இரண்டு தரம் ஓட்டிப் பதில் சொன்னவர்கள் உண்டு.

திபெத்தில் பௌத்தத் துறவிகள் இதைப் பல நூற்றாண்டுகளாக ஒரு சாதனையாகவே பயில்கிறார்கள். ஆனால் அவர்கள் குறிக்கோள் ஊர் சுற்றிப் பார்ப்பது அல்ல. கனவு எப்படிப் பொய்த் தோற்றமோ, அப்படியே இந்த உலகப் பற்றும் என்று உணர்வதற்காக.

"பாத்தியா, நான் சொன்னது சரிதானே?" என்று பிள்ளைக்குக் கொண்டாட்டம். "அம்மா, 1973-ல இங்கோ ஸ்வான்னு ஒருத்தர் உக்காந்த இடத்துல இருந்தே மனசால வியாழனுக்குப் போயிட்டு வந்து, அதுக்கு வளையம் இருக்குன்னார். 1979-ல வாயேஜர் விண்கலம் போய்ப் பாத்தா நிஜமாவே வளையம்!"

அதுவும் உண்மைதான். ஆனால் அதே ஸ்வான், வியாழனில் 30,000 அடிக்கு மேல் உயரமான மலைத்தொடர் இருப்பதாகவும் சொன்னார். வியாழன் வாயுக்கோளம். கால் வைக்கவே கெட்டித் தரை கிடையாது, மலை எங்கிருந்து வரும்? சனிக்கு வளையம் உண்டென்று ஊருக்கே தெரியும்போது, வியாழனுக்கும் ஒன்று மாட்டிவிடுவது பெரிய காரியமா? இப்படி மனசால் தொலைதூரம் பார்க்கும் முயற்சிக்கு அமெரிக்க அரசாங்கமே இருபது வருஷத்துக்கு மேல் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டு, உளவு வேலைக்குப் பிரயோஜனமில்லை என்று 1995-ல் மூடிவிட்டது.

இவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வீடன்போர்க் 1758-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மற்ற கிரகவாசிகளின் ஆவிகளோடு பேசியதாக எழுதி, புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றிலும் மனிதர்கள் வாழ்வதாக வர்ணித்தார். சனியோடு நின்றுவிட்டது பட்டியல். ஏன்? அன்றைக்குத் தெரிந்த கிரகங்கள் அவ்வளவுதான்! யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1781-ல். அது இருப்பதாக எந்த ஆவியும் அவர் காதில் ஓதவில்லை.

பரணில் வைத்த சீட்டு

நானும் ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு சீட்டில் ஒரு சாமானின் பெயரை எழுதிப் பரண் மேல் வைத்தேன். "வியாழன் அப்புறம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில ஒரே ஒரு தரம் கிளம்பு. பரண் வரைக்கும் மிதந்து போய் அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன்.

காலையில் சந்தோஷமாக ஓடி வந்தான். நிஜமாகவே பறந்தானாம். "பாட்டியோட பித்தளைக் குத்துவிளக்கு. சரியா?" என்றான். நான் எழுதியிருந்தது 'இட்லித் தட்டு'.

பிறகு அவனே யோசித்துச் சொன்னான். கனவில் கண்ட வியாழனின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீறல் இருந்ததாம். அவன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலும் அதே இடத்தில் ஒரு கிழிசல்! என்னம்மா இது என்று விழித்தான்.

"வேறொண்ணும் இல்லைடா. நம்ம வீட்டு அடுக்களையில என்ன சாமான் இருக்கோ அதை வச்சுத்தானே சமைக்க முடியும்? கனவும் அப்படித்தான். வாசலுக்கு வெளியே போய் அது ஒரு கடுகுகூட வாங்கிட்டு வராது. ஆனா இருக்கிற சாமானை வச்சே கல்யாண விருந்து பண்ணிடும்."

சிரித்தான். நான்தான் விடாமல் கேட்டேன், "எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்னு தோணிச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே யாரும் மார்க்கு எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்கம்மா" என்றான்.

என்ன பதில் சொல்வது? காலையில் எழுந்தால் நான் கேட்பேன், சாயங்காலம் இவர் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளிகூடக் கேட்பார். பிள்ளை தூங்குகிற ஐந்து மணி நேரத்தில்தான் யாரும் கேட்கவில்லை. அதையும் பாதியில் முறித்துக்கொண்டு அவன் ஓடியிருக்கிறான் என்றால், கோளாறு அலாரத்தில் இல்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மார்க்குப் பேச்சு கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம். இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

நீங்கள் செய்ய வேண்டியது

டாக்டரம்மா சொன்னதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வளரும் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதை முறித்துக்கொண்டு எந்தக் கனவும் வேண்டாம். பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் அலாரம் இல்லாமலே பழகட்டும். தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து, எழுந்ததும் கனவை எழுதச் சொல்லுங்கள். பகலில் நாலைந்து தரம் 'இது கனவா?' என்று தன்னையே கேட்டு, ஏதாவது ஓர் எழுத்தை இரண்டு முறை படித்துப் பார்க்கட்டும். கனவில் இரண்டாவது முறை படித்தால் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். வந்த கெட்ட கனவே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சிலருக்கு, கனவு என்று உணர்ந்து அதை மாற்றிக்கொள்ள இந்தப் பழக்கம் உதவியிருக்கிறது.

அமுக்குவான் வந்தால் போராடாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் தொட்டு எழுப்பினால் போதும், திட்ட வேண்டாம். மாமியார் திருநீறு பூசினால் பூசிக்கொள்ளுங்கள், அன்பாகத் தொடுகிற கை எதுவானாலும் நல்லதுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் ஒரு வேளையாவது குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்குங்கள். ஆனால் குழந்தை பிறந்த நாட்களில் தூக்கமே வராமல், பட்டப்பகலிலும் இல்லாத குரல் கேட்டாலோ, இல்லாததைக் கண்டாலோ, குழந்தையைப் பற்றி விபரீத நினைவு வந்தாலோ, அது அமுக்குவான் இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். குணமாகக்கூடிய நோய் அது, மறைக்கத்தான் கூடாது. அதேபோல் எந்த வயதானாலும், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழுகிறவர்கள், பலமாகச் சிரித்தால் கை கால் தொய்ந்து போகிறவர்கள், கனவுக்கும் நனவுக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்புகிறவர்கள் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

விழித்திருந்து கண்டவர்கள்

அப்படியானால் வானத்திலிருந்து புதுசாக ஏதாவது கொண்டு வந்தவர்கள் யார்? தூங்காமல் விழித்திருந்தவர்கள்தான். யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கும்போது கையை எடுக்க முடியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். அவர் தங்கை கரோலின்தான் சாப்பாட்டைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டுவார். அண்ணனுக்கு வீட்டு நிர்வாகம் பார்த்த அதே பெண், 1786-ல் தானே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திர ஒளி விட்டு விட்டு மங்கியதை வைத்து அதற்கும் வளையங்கள் உண்டென்று தெரிந்துகொண்டார்கள். அன்றிரவு அதைப் பார்த்துப் பதிவு செய்த இடங்களில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகமும் ஒன்று. அந்த வளையங்களை அதற்கு முன் யாரும் கனவிலும் கண்டதில்லை!

இதைச் சொன்னதும் பிள்ளை கண்ணில் ஒரு வெளிச்சம். இவர் சிநேகிதரிடம் பைனாகுலர் கேட்டு வாங்கி வந்தார். போன சனிக்கிழமை மொட்டைமாடியில் பாய் விரித்து, நால்வரும் படுத்துக்கொண்டு வியாழனைப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரில் பைனாகுலரை அசையாமல் வைத்தால், பக்கத்திலே பொடிப் பொடியாக நிலாக்கள் தெரிகின்றன. 1610-ல் கலிலியோ கண்ட அதே நாலு நிலாக்கள். அந்த வெளிச்சம் கிளம்பி அரை மணிக்கு மேலாகிறது, இப்போதுதான் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று மகள் சொன்னாள்.

"பாத்தியாடா, நீ போகாமலே அது வந்துடுச்சு" என்று திரும்பினேன்.

பதிலே இல்லை. மணி ஒன்பதரைதான். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். எந்தக் கிரகத்தில் இருந்தானோ, நான் எழுப்பவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துப் போர்வையை மட்டும் இழுத்துவிட்டேன்.